பெயர் மட்டும் எழுது

கெலுகோர் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை சொல்லிக்கொடுக்கும் நந்தினி என்ற பெண் போன மாதம் எனக்குப் போன் செய்தாள். என் எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். நான் கடைசியாக வேலை செய்த பேரங்காடித் தியேட்டரில் விசாரித்து வாங்கினாளாம்.

“ஆன்ட்டி, பினாங்கு ரோடு பக்கத்துல இருக்கற அந்தப் பழைய தியேட்டர்லதானே நீங்க ரொம்ப வருஷம் இருந்தீங்க? முதலாளியோட பேரன் அந்தக் கட்டடத்த என்ன செய்யறதுன்னு முடிவு எடுக்கப் போறாரு. தங்கற ஹோட்டலா, இல்ல மறுபடியும் படம் போடற இடமான்னு. ஒரு மீட்டிங் வச்சிருக்கோம். நீங்க வந்து உங்களோட இனிமையான நினைவுகள கொஞ்சம் பேசினா நல்லா இருக்கும் லா.”

வருகிறேன் என்றேன். போனை வைத்த பிறகு இனிமையான நினைவு எது என்று யோசித்துப் பார்த்தேன். முதலில் வந்தது தீபாவளி அன்று அடைத்துக்கொண்ட கழிப்பறை. அப்புறம், நாற்காலிக் கம்பியில் சேலை கிழிந்து சண்டைக்கு வந்த ஒரு பெண். திரைக்குப் பின்னால் குட்டி போட்ட பூனை. படங்களைப் பற்றி ஒன்றுமே வரவில்லை. அது நியாயம்தான். தியேட்டரில் வேலை செய்கிறவர்கள் படத்தை முழுசாகப் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் துண்டு துண்டாக, நின்றுகொண்டே, ஒரு கண்ணால் பார்த்திருப்போம்.

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பாடல்களைக் கரும்பலகையில் எழுதுவது நான்தான். என் தமிழ்க் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, அதே தேவாலயத்துக்கு வரும் டிக்கெட் கவுண்டர் அக்கா ஒருத்தி என்னை அழைத்துப் போய் மேனேஜர் முன்னால் நிறுத்தினாள். டார்ச் லைட்டோடு ஆட்களை இருக்கையில் உட்கார வைக்கும் வேலைக்கு எதற்குக் கையெழுத்து என்று எனக்குப் புரியவில்லை. முதல் வாரத்திலேயே புரிந்தது.

அந்தக் காலத்தில் கைப்பேசி கிடையாது. படம் பார்க்க உள்ளே போன ஒருவரை அவசரமாக வெளியே அழைக்க வேண்டுமென்றால் ஒரே வழிதான். அவர் பெயரைத் திரையில் போட வேண்டும். அதற்குத் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கண்ணாடித் துண்டுகள் வைத்திருந்தோம். அதில் கறுப்புச் சாயத்தை மெல்லிசாகத் தடவிக் காய வைப்பேன். காய்ந்ததும் ஊசி முனையால் எழுத்தைக் கீற வேண்டும். கீறிய இடத்தில் மட்டும் வெளிச்சம் புகுந்து திரையின் ஓரத்தில் வெள்ளை எழுத்தாக விழும். சீன எழுத்தும் மலாய் எழுத்தும் மற்றவர்கள் எழுதுவார்கள். தமிழ்ப் படம் ஓடும் நாட்களில் ஊசி என் கையில். தமிழில் சுழி அதிகம். ‘ண’ எழுதும்போது கொஞ்சம் அழுத்திவிட்டால் சாயம் பெயர்ந்து எழுத்தே ஓட்டையாகிவிடும். எழுதி முடித்ததும் படிக்கட்டில் ஏறி, படம் ஓட்டும் ஹமீது நானாவிடம் கொடுக்க வேண்டும். அவர் அதைத் தலைகீழாகச் சொருகுவார். இரண்டு முறை போடுவார். மூன்றாம் முறை கிடையாது. பிறகு மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, அதே கண்ணாடியை அடுத்த ஆளுக்கு வைத்துக்கொள்வோம்.

என்ன எழுதுவது என்பதற்கும் ஒரு முறை இருந்தது. முதலில் பெயர். அடுத்து எந்த இடத்துக்காரர் என்பது. ஒரு தீபாவளி மத்தியானம் ‘சுப்பிரமணியம் வெளியே வரவும்’ என்று மட்டும் போட்டு, இருட்டில் ஒரு கூட்டமே எழுந்து வந்தது. அத்தனை பேரும் சுப்பிரமணியம். அத்தனை பேர் முகத்திலும் ஒரே பயம். அன்றிலிருந்து ஊரையும் சேர்த்தோம். எதற்காக அழைக்கிறோம் என்பதை மட்டும் எழுதவே மாட்டோம். பிள்ளை பிறந்திருந்தாலும் சரி, அப்பா இறந்திருந்தாலும் சரி, திரையில் வருவது ஒரே வாசகம்தான். ‘இன்னார், இந்த ஊர், அலுவலகத்துக்கு வரவும்.’

‘பெயர் மட்டும் எழுது’ என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மேனேஜர் மிஸ்டர் சியா.

அவர் சீனர். என்னோடு மலாயில் பேசுவார். இங்கே நான் தமிழில் எழுதுகிறேன். அரைக்கை வெள்ளைச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் மாடிப்படியின் அடியில் வந்து நிற்பார். உள்ளே போகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார். சிரிக்க மாட்டார், முறைக்கவும் மாட்டார். யாராவது சண்டைக்கு வந்தால் குரலை உயர்த்த மாட்டார். ஒரு வாக்கியம் சொல்வார். எதிராளி கத்துவான். அதே வாக்கியத்தை அதே குரலில் திரும்பச் சொல்வார். மறுபடியும் கத்துவான். மறுபடியும் அதே வாக்கியம். கொஞ்ச நேரத்தில் எதிராளிக்கே அலுத்துவிடும். அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. தேவைக்கு மேல் உண்மை சொல்லியும் கேட்டதில்லை.

அவருக்குச் சில விதிகள் உண்டு. டார்ச் வெளிச்சம் தரையில்தான் விழ வேண்டும், யார் முகத்திலும் விழக்கூடாது. தாமதமாக வருகிறவருக்கு முன்னால் நடக்க வேண்டும், பின்னால் நடந்து விரட்டக்கூடாது. பெயர் போட்டு அழைத்தவர் அலுவலகத்துக்குள் வந்ததும் முதலில் நாற்காலி. அவர் உட்கார்ந்த பிறகுதான் செய்தி. செய்தி கொண்டுவந்து வாசலில் நிற்கிறவர் நேரடியாகச் சொல்லக்கூடாது, நாங்கள்தான் சொல்வோம். அலுவலகத்துக்கு இரண்டு கதவுகள். ஒன்று டிக்கெட் கவுண்டர் இருக்கும் முன்மண்டபத்துக்கு. இன்னொன்று அரங்கத்தின் பக்கவாட்டு நடைக்கு. அழைக்கப்பட்டவர் பக்கவாட்டுக் கதவு வழியாக வருவார். அழைத்தவர் முன்மண்டபத்தில் நிற்பார். நடுவில் மிஸ்டர் சியா.

இது ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். “காசு கொடுத்து இருட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். வெளிச்சத்துக்கு வரும்போது கூட்டம் முன்னால் வரக்கூடாது” என்றார்.

நான் சேர்ந்து சில வருடங்கள் ஆன பிறகு நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

புதன்கிழமை மத்தியானக் காட்சிகளுக்கு ஒரு பெண் தனியாக வருவாள். என் வயதுதான் இருக்கும். முகப்பில் யாரிடமும் பேச மாட்டாள். கச்சான் கடலை வாங்க மாட்டாள். பக்கவாட்டு நடையை ஒட்டிய கடைசி வரிசையில் ஓர இருக்கையைத்தான் கேட்பாள். விளக்கு அணைந்த கொஞ்ச நேரத்தில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். படத்தில் அடிதடி நடந்தாலும் அசையமாட்டாள். விளக்கு எரிந்ததும் எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாள். ஒருமுறை அவளுடைய ஒரு கண்ணைச் சுற்றிக் கன்றிப் போயிருந்தது. டிக்கெட்டைக் கிழிக்கும்போது நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். அடுத்த புதன் வந்தபோது இரண்டு பேரும் ஒன்றும் நடக்காததுபோல இருந்தோம்.

அந்தப் புதன்கிழமை அவள் கையில் ஒரு பெரிய பை. வழக்கமாகத் தூங்குகிறவள் அன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

இடைவேளைக்குப் பிறகு ஒருவர் முன்மண்டபத்துக்கு வந்தார். நன்றாகச் சீவிய தலை, மடிப்புக் கலையாத சட்டை. பார்த்தால் மரியாதையானவர். என்னிடம் மெதுவாகத்தான் பேசினார்.

“தங்கச்சி, என் சம்சாரம் உள்ள இருக்கா. பேரு சரஸ்வதி. ஆயர் ஈத்தாம். பிள்ளைக்குக் காய்ச்சல் அதிகமாயிருச்சு. ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு ஓடி வரேன். கொஞ்சம் பேரு போடறீங்களா?”

“போடறேன் அண்ணே” என்று கண்ணாடியை எடுத்தேன்.

“பிள்ளைக்கு சீரியஸ்னு எழுதுங்க. அப்பத்தான் ஒடனே வருவா.”

“காரணம் எழுத மாட்டோம் அண்ணே. பேரு மட்டுந்தான்.”

“என்ன தங்கச்சி, பிள்ளை விஷயம். எழுதினா என்ன கொறைஞ்சா போயிரும்?”

நான் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறது என்கிறார். பொய்யென்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? ஒரு பழைய கன்றிய கண், ஒரு பெரிய பை. அவ்வளவுதான். பிள்ளைக்கு உண்மையிலேயே ஏதாவது ஆகியிருந்தால்?

மிஸ்டர் சியா அலுவலகத்திலிருந்து எட்டிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் அந்த ஆளிடம் வந்தார்.

“எந்த ஆஸ்பத்திரி?”

“ஜெனரல்.”

“பிள்ளையோடு யார் இருக்கிறார்?”

அந்த ஆள் ஒரு கணம் தாமதித்தார். “நர்ஸ் இருக்காங்க” என்றார்.

மிஸ்டர் சியா தலையாட்டினார். “பெயர் போடுவோம். நீங்கள் இங்கேயே இருங்கள்.” என்னிடம் திரும்பி, “பெயர் மட்டும் எழுது” என்றார். வழக்கமாகச் சொல்வதுதான். குரலிலும் மாற்றம் இல்லை.

எழுதினேன். ‘சரஸ்வதி, ஆயர் ஈத்தாம், அலுவலகத்துக்கு வரவும்.’ படியேறி ஹமீது நானாவிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி, பக்கவாட்டு நடையில் நின்றேன். திரையின் ஓரத்தில் அந்தப் பெயர் வந்தது. அந்தப் பெண் எழவில்லை. பெயர் மறைந்தது. திரும்பவும் வந்தது. அப்போதுதான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். நான் தரையில் வெளிச்சம் காட்டி அவளுக்கு முன்னால் நடந்தேன்.

அலுவலகத்தில் மிஸ்டர் சியா நாற்காலியை நகர்த்தினார். அவள் உட்கார்ந்ததும், முன்மண்டபத்துக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். ஓர் ஆள் வந்திருக்கிறார். கணவன் என்கிறார். பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்கிறார். அவர் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். இந்தப் பக்கம் அவர் வரமாட்டார்.

அவள் முகம் வெளிறிவிட்டது. மிஸ்டர் சியாவை விட்டு என்னைப் பார்த்துத்தான் பேசினாள்.

“அக்கா, பிள்ளையை நான் காலையிலேயே கெலுகோர்ல ஒரு மலாய்க்கார மக்சிக் வீட்டுல விட்டுட்டேன். முன்னாடி எங்க பக்கத்து வீட்டுல இருந்தாங்க. அவருக்கு அந்த வீடு தெரியாது. சாயங்காலம் அவங்க பிள்ளைய ஃபெரி ஜெட்டிக்குக் கொண்டாருவாங்க. நான் அக்கரைக்குப் போயி ரயில் ஏறித் தைப்பிங்ல எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். அதுவரைக்கும் எங்க நிக்கறது? ஜெட்டி முழுக்க அவரோட ஆளுங்க. அதான் இங்க வந்து உக்காந்தேன்.”

“அப்ப அவர் சொல்றது பொய்தானே?” என்றேன்.

“தெரியலையே! நேத்து ராத்திரியே பிள்ளைக்கு ஒடம்பு லேசா சுட்டுச்சு. அது அவருக்குத் தெரியும். ஒருவேளை வீட்டைக் கண்டுபிடிச்சுப் போயிருந்தா? நெசமாவே தூக்கிட்டுப் போயிருந்தா?” அவள் எழுந்துவிட்டாள். “நான் வெளிய போறேன்கா. அடிச்சா அடிக்கட்டும். பிள்ளைய பார்க்கணும்.”

நான் மலாயில் மிஸ்டர் சியாவிடம் சொன்னேன். அவர் அவளைத் தடுக்கவில்லை. போகச் சொல்லவும் இல்லை. “அந்த வீட்டில் தொலைபேசி உண்டா?” என்று கேட்டார்.

அந்த வீட்டில் இல்லை. முனையில் ஒரு சீனர் மளிகைக் கடை இருக்கிறது, அங்கே உண்டு. கடையின் பெயர் அவளுக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருந்தது. மிஸ்டர் சியா தொலைபேசிப் புத்தகத்தைத் திறந்து விரலால் தடவிக்கொண்டே போனார். ஒரு கடையைக் கூப்பிட்டார். அது இல்லை. இன்னொன்றைக் கூப்பிட்டு ஹொக்கியன் சீனத்தில் பேசினார். தொலைபேசிக் குழாயை மேசையில் படுக்க வைத்தார். “ஆள் அனுப்பியிருக்கிறான். காத்திருப்போம்” என்றார்.

காத்திருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் படத்தில் யாரோ பெரிதாக அழுதுகொண்டிருந்தார்கள். முன்மண்டபத்துக் கதவு தட்டப்பட்டது. மிஸ்டர் சியா அதைப் பாதி திறந்து, அந்த இடைவெளியில் தானே நின்றுகொண்டார்.

“வந்தாளா?”

“பெயர் போட்டோம். வருவது அவர் விருப்பம்.”

“உள்ள இருக்காளா இல்லையா, அதைச் சொல்லு.”

“பெயர் போட்டோம். வருவது அவர் விருப்பம்.”

“என் பொண்டாட்டிய நான் கூப்பிடறேன். நீ யாரு நடுவுல?”

மூன்றாவது முறையும் அதே வாக்கியம். இந்த முறை எதிராளிக்கு அலுக்கவில்லை. அவர் திரும்பிப் பெரிய கதவைத் தள்ளிக்கொண்டு அரங்கத்துக்குள் போய்விட்டார். நான் பக்கவாட்டுக் கதவு வழியாக ஓடினேன்.

“சரசு! ஏய் சரசு!” என்று இருட்டில் கத்திக்கொண்டே நடுவழியில் இறங்கினார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முதலில் அவரைக் குடிகாரன் என்று நினைத்தார்கள். “உக்காருயா!” “தலைய மறைக்காத லா!” என்று நாலா பக்கமும் சத்தம். நான் அருகில் போனதும் என் கையிலிருந்த டார்ச்சைப் பறித்துக்கொண்டார். பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் ஒவ்வொரு முகமாக அடித்துப் பார்த்தார். ஒரு பெண் வீலென்று கத்தினாள். இன்னொருத்தி பையால் முகத்தை மறைத்தாள். யாரோ ஒருவர் எழுந்து அவர் சட்டையைப் பிடித்தார். இனி கை கலக்கப் போகிறது என்று நினைத்தேன்.

அப்போது விளக்குகள் எரிந்தன. எல்லா விளக்குகளும். மிஸ்டர் சியாதான் போட்டார். படம் நிற்கவில்லை. திரையில் ஆட்கள் நிழல் மாதிரி வெளுத்துப் போய் அசைந்துகொண்டிருந்தார்கள், பேச்சு மட்டும் கேட்டது. படம் ஓடும்போது அவர் விளக்கைப் போட்டு நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான்.

கணவர் டார்ச்சை நீட்டியபடியே நின்றார். வெளிச்சத்தில் அது எரிவதே தெரியவில்லை. முழு அரங்கமும் அவரைப் பார்த்தது. ஆயர் ஈத்தாமிலிருந்து வந்த கூட்டமும் அதில் இருந்தது. “இது நம்ம தனபாலன் இல்ல?” என்று மாடியிலிருந்து ஒரு பெண் குரல் தெளிவாகக் கேட்டது. அவர் கை இறங்கியது. மிஸ்டர் சியா நடுவழியில் நடந்து வந்து அவரிடம் சொன்னார்: “டிக்கெட் இல்லாதவர் உள்ளே நிற்க முடியாது.” அவர் வரிசைகளை இன்னொரு முறை பார்த்தார். தேடியவள் இல்லை. டார்ச்சைத் தரையில் எறிந்துவிட்டு முன்வாசலுக்குப் போனார். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. எதிர்ப்புறக் கடைகளின் ஐந்தடி நடைபாதையில் நின்று, படம் விடுவதற்காகக் காத்திருந்தார்.

நான் அலுவலகத்துக்குத் திரும்பியபோது சரஸ்வதி தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் மக்சிக் மலாயில் சத்தமாகப் பேசுவது எனக்கே கேட்டது. பிள்ளை கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குகிறது, உடம்பு குளிர்ந்துவிட்டது, யாரும் வரவில்லை, நீ ஏன் அழுகிறாய். சரஸ்வதி “இல்ல மக்சிக், இல்ல மக்சிக்” என்று மட்டும் சொன்னாள். குழாயை வைத்த பிறகு அந்த நாற்காலியிலேயே குனிந்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹமீது நானாவின் வீடு சூலியா தெருவில் ஒரு கடைக்கு மேல் இருந்தது. மிஸ்டர் சியா மேலே ஏறிப் போய் அவரிடம் பேசிவிட்டு வந்தார். பின் சந்து வழியாக நான்தான் சரஸ்வதியை அழைத்துப் போனேன். வழி நெடுக அவள் என் கையை விடாமல் பிடித்திருந்தாள். நானாவின் மனைவி ஜமிலா அக்கா கதவைத் திறந்தார். எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தார். நான் சொல்லத் தொடங்கியதும், “மொதல்ல உள்ள வாங்க புள்ள, வாசல்ல நின்னு பேசாதீங்க” என்றார். சாயங்காலம் அவரே தன் துப்பட்டி ஒன்றை அவள் தலையில் போட்டு, ஜெட்டி வரைக்கும் கூட நடந்து போய், பிள்ளையைக் கையில் வாங்கிக் கொடுத்து ஃபெரி ஏற்றிவிட்டாராம். அதை மறுநாள் நானா சொன்னார்.

நான் திரும்பி வந்தபோது படம் முடிந்து கூட்டம் வெளியேறிக்கொண்டிருந்தது. எதிர்ப்புறத்தில் அந்த ஆள் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி ஆள் போன பிறகும் நின்றார்.

மிஸ்டர் சியா உடைந்த டார்ச்சைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்தார். “கண்ணாடி போய்விட்டது. ஸ்டோரில் புதிது எடுத்துக்கொள்” என்றார். அன்றைக்கு நடந்ததைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது அவ்வளவுதான்.

விஷயம் அதோடு முடியவில்லை. அந்த ஆள் சில பேரைச் சேர்த்துக்கொண்டு முதலாளியிடம் போனார். தியேட்டரில் பெண்களை மறைத்து வைக்கிறார்கள், தமிழர்கள் இனி இங்கே படம் பார்க்க வரமாட்டார்கள் என்றார்கள். முதலாளி பயந்துவிட்டார். எங்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டே மிஸ்டர் சியாவைக் கேட்டார். வேலை போய்விடும் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

“புருஷன் கேட்டால் மனைவியைக் காட்ட வேண்டியதுதானே?” என்றார் முதலாளி.

“சரி. ‘யார் கேட்டாலும் உள்ளே இருப்பவரைக் காட்டுவோம்’ என்று எழுதி டிக்கெட் கவுண்டரில் தொங்கவிடுகிறேன். கீழே உங்கள் பெயர் போடட்டுமா?”

அப்படி எழுதினால் யார் டிக்கெட் வாங்குவார்கள் என்று முதலாளிக்குத் தோன்றியிருக்க வேண்டும். காதலர்கள், வேலைக்கு மட்டம் போட்டவர்கள், கடன்காரனுக்கு ஒளிந்தவர்கள், வீட்டில் இடம் இல்லாதவர்கள். மத்தியானக் காட்சியில் பாதிப்பேர் அவர்கள்தான். “வேண்டாம், வேண்டாம்” என்று எழுந்து போய்விட்டார். அந்தப் பேச்சு பிறகு எழவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். அந்தப் புதன்கிழமை ஓடிய அதே படத்தைத் திரும்பப் போட்டோம். முதல் நாள் மத்தியானம் சரஸ்வதி வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். இடுப்பில் பிள்ளை. தைப்பிங்கில் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தொழிற்சாலையில் வேலை என்றாள். கணவர் இரண்டு முறை வந்து சத்தம் போட்டாராம். அண்ணன் இருந்ததால் திரும்பிப் போய்விட்டாராம்.

“இவ்வளவு தூரம் படம் பார்க்கவா வந்தே?” என்றேன்.

“மக்சிக்கப் பார்க்க வந்தேன். பேப்பர்ல இந்தப் படம் போட்டிருந்திச்சு. அன்னிக்கு முடிவு பார்க்கவே இல்லல்ல? கடைசியில ரெண்டு பேரும் சேர்ந்துர்றாங்களா அக்கா?”

எனக்கும் தெரியாது. அவளை வழக்கமான இருக்கையில் உட்கார வைத்தேன். அன்றைக்கு அவள் தூங்கவில்லை. பிள்ளைதான் தூங்கியது.

அதன்பின் சொல்வதற்கு அதிகம் இல்லை. வீடியோ கேசட் வந்தது, கூட்டம் குறைந்தது. மாடி வகுப்பை மூடினோம், பிறகு மத்தியானக் காட்சியை நிறுத்தினோம், பிறகு எல்லாவற்றையும். கடைசி நாளில் மிஸ்டர் சியா வழக்கம்போல மாடிப்படி அடியில் நின்றார். உள்ளே போகிறவர்கள் சொற்பம். படம் தொடங்கியதும் கவுண்டரில் ஒரு டிக்கெட் வாங்கி என்னிடம் நீட்டினார். நான் கிழித்துக் கொடுத்தேன். உள்ளே போய் உட்கார்ந்தார். இத்தனை வருடத்தில் அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சில வருடங்களில் இறந்துபோனார். ஹமீது நானாவும் இல்லை. நான் பேரங்காடித் தியேட்டரில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கே இருந்தேன். அந்தக் கட்டடம் முதலில் நாற்காலி சோபா விற்கும் கடையானது. பிறகு ஸ்னூக்கர் விளையாடும் இடமானது. பிறகு பூட்டியே கிடந்தது.

மீட்டிங் நாளன்று போனேன். பேரன் நல்ல பிள்ளை. நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தான். மேசையில் பெரிய வரைபடம் விரித்திருந்தார்கள். நந்தினி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னாள். இனிமையான நினைவு கேட்டார்கள். நான் சரஸ்வதியைப் பற்றிச் சொன்னேன். நடுவில் நந்தினி மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேரன் தொடும்வரை மொழிபெயர்க்க வேண்டும் என்ற நினைவு அவளுக்கு வரவில்லை.

முடிந்ததும் பேரன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். தாத்தா அந்த மேனேஜரை ஏன் வேலையை விட்டு அனுப்பவில்லை என்று. டிக்கெட் விற்க வேண்டும், அதனால்தான் என்றேன். அவன் சிரித்தான். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வரைபடத்தில் அரங்கம் இருந்த இடத்தில் அறைகள் அடுக்கடுக்காக இருந்தன. இன்னொரு தாளில் சின்னதாக ஒரு திரையும் கொஞ்சம் இருக்கைகளும். எது என்று இன்னும் முடிவாகவில்லை. திரை வைத்தால் யார் வருவார்கள், எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று நிறையப் பேசினார்கள். அவர்கள் கவலை நியாயமானது.

வெளியே வந்ததும் நந்தினி கேட்டாள். “நீங்க சொல்லுங்க ஆன்ட்டி, எது நல்லது?”

“கட்டடத்த பத்தி எனக்கு என்னம்மா தெரியும்? ஹோட்டல்னா ஐசி, அடையாள கார்டு கேப்பாங்க, பேரு எழுதுவாங்க. தியேட்டர்னா ஒண்ணும் கேக்க மாட்டாங்க. டிக்கெட் வாங்கிட்டு உள்ள போயி உக்காரலாம். அந்த வித்தியாசம் ஒண்ணுதான் எனக்குத் தெரியும்.”

“இத நீங்க உள்ளயே சொல்லியிருக்கலாம் லா.”

“உள்ள யாரும் கேக்கலையே.”

என் வீடு இருக்கும் ஆயர் ஈத்தாமுக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றேன். மகள் அனிதா போனில் கூப்பிட்டாள். நான் எடுப்பதற்குள் நின்றுவிட்டது. என் போனில் ஏதோ ஒன்றைப் போட்டு வைத்திருக்கிறாள். நான் எங்கே இருக்கிறேன் என்று அவள் வேலையிடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். எனக்கு வயதாகிவிட்டது, அவளுக்குப் பயம். அதில் தப்பில்லை.

பஸ் வந்தது. நான் ஏறவில்லை. நடந்து, நான் வேலை செய்த பேரங்காடிக்குப் போனேன். அதன் மேல்தளத் தியேட்டரையும் மூடப் போவதாக ஒரு பேச்சு இருக்கிறது. இப்போது கவுண்டரில் ஆள் இல்லை, பொத்தான் அழுத்தும் பெட்டிதான். சோளப்பொரி விற்கும் பெண்ணிடம் காசு கொடுத்து டிக்கெட் வாங்கினேன். என்னை அவளுக்குத் தெரியாது. எந்தப் படம் என்று கேட்டாள். அடுத்து எது தொடங்குகிறதோ அது என்றேன். உள்ளே அங்கொருவர் இங்கொருவராகச் சிலர் இருந்தார்கள். நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஓரமாக உட்கார்ந்து, போனை முழுக்க அணைத்துப் பையில் போட்டேன். விளக்கு அணைந்தது. படத்தை முதலிலிருந்து முடிவு வரை பார்த்தேன்.

வீட்டுக்குப் போனபோது அனிதா வாசலிலேயே நின்றிருந்தாள்.

“எங்கம்மா போனீங்க? எத்தனை தடவை கூப்பிட்டேன்! போன்ல எதுவுமே காட்டல.”

“டவுன்லதான் இருந்தேன்” என்றேன்.

அவள் மேலும் கேட்டாள். நானும் அதையே திரும்பச் சொன்னேன்.